பனி அள்ள வேண்டாம்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளின் நடுவே கதிரேசன் ஒரு கோடு போட்டிருந்தான். வேலையை மாற்றிக்கொண்டு டெக்சஸுக்குப் போவதில் என்ன நல்லது, என்ன கெட்டது என்று இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருந்தான். நல்லதின் பக்கம் நிரம்பிவிட்டது. பனி அள்ள வேண்டாம். வருஷம் முழுக்க வெயில். கொடியில் துணி காயப்போடலாம். மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை.

“நீயும் ஏதாவது எழுதேன் உமையா,” என்றான் மனைவியிடம்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். “எரிச்சிருந்தா கையோட கொண்டு போயிருக்கலாம்.”

பதினோரு நாள் பிள்ளையை எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்று ஊரிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள். மகளை இந்த ஊர் மண்ணில்தான் புதைத்தார்கள்.

கதிரேசன் பேனாவை மூடி வைத்தான். வாசல் பனியைக் காலையிலேயே அள்ளியாகிவிட்டது. ஆனாலும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பனி அள்ளும் மண்வாரியைக் கையில் எடுத்தான். எல்லாச் சனிக்கிழமையும் எடுப்பதுதான்.

உமையாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவனுடைய கையுறைகளை நீட்டினாள்.

“கல்லுகிட்ட மெதுவா அள்ளுங்க. போன வாரம் அவ பேரு மேல கீறல் விழுந்திருந்துச்சு.”