மலை இறங்கும் என்று சொன்னவர்

"அந்த மலை இறங்கும் எண்டு முதலே சொன்னது நான்தான், ஐயா!"

நாகேந்திரம் கதவைத் திறந்த கையோடு சொன்னார். வாசலில் நின்ற சப் இன்ஸ்பெக்டர் ஸவாஹிர் இன்னும் வாயே திறக்கவில்லை.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டுக்குப் பொலிஸ் வந்தால் எல்லாரும் முதலில் அடையாள அட்டையைத் தேடுவார்கள். நாகேந்திரத்துக்கோ அன்று நெஞ்சு நிமிர்ந்தது. மலைநாட்டில் பதுளைப் பக்கம் மலை சரிந்து ஒரு கிராமமே சேற்றுக்குள் போய்விட்டது. சனம் முதல் நாளே வெளியேறியதால் ஓர் உயிரும் போகவில்லை என்று காலையில் வானொலி சொல்லியிருந்தது.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோவன்," என்றாள் மனைவி பாலேஸ்வரி, உள்ளேயிருந்து.

அவர் எங்கே கேட்டார்? மேசையில் இருந்த கணினியைக் காட்டினார். "பழைய மண்சரிவு எல்லாத்தையும் இதுக்குப் படிப்பிச்சனான். எவ்வளவு மழை, என்ன மண், எவ்வளவு சரிவு... அதுகளைப் பாத்து இது தானாக் கத்துக்கொண்டுது. போன கிழமை, இந்த மலைதான் அடுத்தது எண்டுது."

"யாருக்கிட்டச் சொன்னீங்க?"

"இங்க மண்சரிவு பாக்கிற அரசாங்கக் கந்தோருக்கு. பௌர்ணமிப் போயா லீவு முடியப் பாப்பம் எண்டு போனை வைச்சிட்டாங்கள்."

அவர்கள் போனை வைத்த அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. அத்தனை சனமும் சாகப்போகுதே என்று மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

ஸவாஹிர் தொப்பியைக் கழற்றினார். "இந்த வீட்டுப் போன்ல இருந்து அங்கத்தப் பொலிசுக்கு ஒரு கோல் போயிருக்கு. அதக் கேட்டுத்தான் சனத்த எழுப்பியிருக்காங்க. அதுவும் நீங்கதானா?"

"அவருக்கு ஒண்டும் தெரியாது, ஐயா!" பாலேஸ்வரி வாசலுக்கே வந்துவிட்டாள்.

நாகேந்திரத்துக்குச் சுருக்கென்றது. அந்தப் பதற்றத்தில் யார் யாருக்குப் போன் எடுத்தாரோ, அவருக்கே சரியாக ஞாபகமில்லை. அதற்காகக் கிடைக்கிற பேரை விட முடியுமா?

"எனக்கோ தெரியாது? நானேதான் எடுத்தனான்!"

"அப்ப ஜீப்புல ஏறுங்க," என்றார் ஸவாஹிர். "கோல்ல மலையைப் பத்தி ஒரு பேச்சும் இல்ல. ஊருக்குள்ள குண்டு வச்சிருக்கு, எல்லாரும் ஓடுங்க எண்டுதான் இருந்திச்சி. தமிழ் ஆள் பேசுற சிங்களம், குசுகுசுத்த குரல். உடனே நம்பிட்டாங்க."

பாலேஸ்வரி அடையாள அட்டையோடு வந்து செருப்பை மாட்டினாள்.

"அவரை விடுங்கோ. மண் வருது எண்டால் ஒருத்தரும் எழும்பாயினம் எண்டு, குண்டெண்டு சொன்னது நான்."