பிள்ளைப் பேச்சு

கரண்டு போனதும் தறிகள் நின்றன.

இராஜபாளையத்தின் அந்தச் சின்ன பேண்டேஜ் கம்பெனி இப்படி ஓய்ந்து கிடந்து சிவரஞ்சனி பார்த்ததில்லை. வாசலோரக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் அன்றைக்குச் சீக்கிரமே கொண்டுவந்து விட்டிருந்தது. அவள் வந்தது உள்ளே யாருக்கும் தெரியாது.

துணி மடிக்கிற அறையிலிருந்து காளீஸ்வரியின் குரல் கணீரென்று வந்தது.

"எம்மவன் நேத்து எந்திரிச்சு நின்னுட்டான் மதினி! சோத்துச் சட்டியப் பிடிச்சிக்கிட்டு, என்னமோ மலையத் தூக்குனவன் மாதிரி சிரிக்கான்."

"இனி நீ உக்காந்த மாதிரிதான், ஏட்டி," என்றாள் இருளம்மாள்.

அறையே சிரித்தது.

சிவரஞ்சனி காதைத் தீட்டிக்கொண்டாள்.

வேலையிடத்தில் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் பேச்சில் ஒரு ஊரின் பண்பாடு எப்படித் தெரிகிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. மாதக்கணக்காக இந்தப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் காயத்துணியை மடிக்க மடிக்கப் பேசுவதையெல்லாம் போனில் பதிவு செய்துவருகிறாள். மழை, பூ விலை, ஆண்டாள் கோயில் தேர், சீரியலில் வரும் மாமியார், குடித்துவிட்டு வரும் புருஷன், எல்லாமே பேச்சில் வரும்.

பிள்ளைகள் மட்டும் வரமாட்டார்கள்.

அதையே பெரிய கண்டுபிடிப்பாக நினைத்திருந்தாள். அம்மா என்பதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் இவர்கள் வேலைக்குள் வருகிறார்கள் என்று ஒரு அத்தியாயமே எழுதியாகிவிட்டது. பேராசிரியருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது.

இங்கேயோ, ஒருத்தி மகளுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் என்கிறாள். இன்னொருத்தி மகன் கபடி டீமில் சேர்ந்திருக்கிறான். தேவதானத்தில் யார் வீட்டுக் குழந்தைக்கோ காதுகுத்து. சூப்பர்வைசர் பால்ச்சாமிகூடத் தன் பேத்தி அவரை அதட்டுவதை அப்படியே நடித்துக் காட்டுகிறார்.

விட்டுவிடக் கூடாதென்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பேச்சு திரும்பியது.

நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. ஓடுகிற சைக்கிளைத் திருப்புவது போல, அவ்வளவு பழக்கத்தோடு திருப்பினார்கள். மகன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த போனைக் காளீஸ்வரி மடியில் கவிழ்த்தாள். கரண்டு எப்போது வருமோ என்றார் பால்ச்சாமி. பிச்சிப்பூ விலை ஏறிப்போனதைப் பற்றி யாரோ தொடங்கினார்கள்.

யாருக்குப் பயந்து? முதலாளி ஊரில் இல்லை. அதட்ட வேண்டியவரே இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே புதிதாக வந்தது அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் முதல் நாள் நினைவுக்கு வந்தது. எந்த ஊர், என்ன படிப்பு என்று எல்லாரும் கேட்கிற மாதிரித்தான் இருளம்மாள் கேட்டாள். எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்டாள். "ஒன்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சிவரஞ்சனி குனிந்து போனில் பதிவை ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இவள் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம், ஒரு அறை முழுக்க அம்மாக்கள், நாக்கு நுனிவரை வந்த பிள்ளைகளை விழுங்கியிருக்கிறார்கள். இவள் அந்த மௌனத்தைத்தான் அத்தியாயமாக்கியிருக்கிறாள்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, காளீஸ்வரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்க, அந்தப் பய நிக்கிறத எனக்கும் காட்டு."

காளீஸ்வரி இருளம்மாளைப் பார்த்தாள். இருளம்மாள் மெல்லத் தலையசைத்தாள்.

கவிழ்ந்திருந்த போன் நிமிர்ந்தது. இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும், கன்னத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கை, சட்டியைப் பிடித்தபடி ஒரு மாவீரன். சிவரஞ்சனி சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

இருளம்மாள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஒம் பிள்ளைக்கு என்ன பேரு தாயி?"

கணவன் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. அம்மா வீட்டிலும் இல்லை. அவள் வருத்தப்படுவாளாம்.

அவள் வாய் திறக்கவும் கரண்டு வரவும் சரியாக இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் தறிகள் ஒன்றாய் இரையத் தொடங்கின.

இருளம்மாள் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"கேக்கல தாயி. செத்த சத்தமாச் சொல்லு."

"இளவேனில்!" என்று தறிச்சத்தத்துக்கு மேலே கத்தினாள் சிவரஞ்சனி. "நல்லா நடப்பா. ஓட்டமா ஓடுவா!"