பயனர் பெயர்

திரை விழித்தது. நடுவில், பெரிய எழுத்தில், இன்றைக்கும் அதே பெயர்.

தணிகைவேல்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பெயருக்குரியவன் கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவன். லினக்ஸ் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்ததும் பழையதை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

பழையது ஊர்ந்தது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போனால் ரசத்தைக் கொதிக்கவைத்து இறக்கிவிட்டு வரலாம்.

அவளுக்கோ அது சோறு போடுகிற சாமான். பதிப்பகங்களுக்குக் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். அதனால்தான் துணிந்தாள். வீடியோ பார்த்தாள். பழைய கணினியையும் ஓடவைக்கும் என்று அதில் சொன்ன இலவச லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றினாள். விண்டோஸை வழித்துத் துடைத்துவிட்டு அதை நிறுவினாள்.

நடுவில் அது கேட்டது. உங்கள் பெயர் என்ன?

விரல்கள் தாமாகவே தணிகைவேல் என்று அடித்துவிட்டன.

அவனைக் குறை சொல்ல முடியாது. கேஸ் பதிவா, கரண்ட் பில்லா, வீட்டுவரியா, இந்த வீட்டில் எந்தத் திரை பெயர் கேட்டாலும் அடிப்பவள் அவள்தான். அடிப்பது அவன் பெயரைத்தான். கல்யாணமான நாளிலிருந்து விரலுக்கு அதுவே பழக்கம்.

அன்றைக்குச் சிரித்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று மற்ற வேலைகளில் இறங்கிவிட்டாள்.

என்ன வேலைகள்! புதுக்குடித்தனம் போனவளைப் போல எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு அடுக்கினாள்.

திரையின் மேல்விளிம்பில் கிடந்த மெனு பட்டையைக் கீழே இறக்கினாள்.

வேண்டாத ஐகான்களை ஒழித்துக்கட்டினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். கண்ணை உறுத்தாத பழுப்பு நிறத்தைப் பூசினாள்.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அந்தப் பழைய டைப்ரைட்டர் கீபோர்டு இருந்தால்தான் தமிழ் ஓடும். அதைத் தேடிப் பிடித்துப் போட்டாள். முதல் எழுத்து திரையில் விழுந்தபோது வாய்விட்டுக் கத்திவிட்டாள். குக்கர் வெடித்துவிட்டது என்று தணிகைவேல் ஓடிவந்தான்.

பிரிண்டர் மட்டும் முரண்டுபிடித்தது. அதையும் வழிக்குக் கொண்டுவந்தாள்.

இப்போது லேப்டாப் சொன்னதைக் கேட்கிறது. அடுப்பைப் பற்றவைக்கக்கூட நேரம் தருவதில்லை. அதன் முன்னால் உட்கார்ந்தாலே அவளுக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

அந்தப் பெயர் ஒன்றுதான்.

கட்டளைகளை அடிக்கும் கறுப்புச் சன்னலைத் திறந்தால் ஒவ்வொரு வரியின் தலையிலும் அவன் பெயர் நிற்கிறது. அதற்குப் பின்னால்தான் அவள் அடிப்பது. தேடிப் படித்தது அவள். தப்பு செய்தது அவள். திருத்தியதும் அவள். பெயர் மட்டும் அவனுடையது.

சின்ன விஷயம்தான். ஆனாலும் சுருக்கென்றது.

முகப்பில் தெரிகிற பெயரை மாற்றிப் பார்த்தாள். மாறியது. கறுப்புச் சன்னலில் மாறவில்லை. அடிவேர் வரைக்கும் மாற்றுவதற்கு ஏதேதோ கட்டளைகள் இருந்தன. ஓர் எழுத்து பிசகினாலும் உள்ளே நுழைய முடியாமல் போகலாம் என்று இணையத்தில் பயமுறுத்தியிருந்தார்கள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். முதலிலிருந்து நிறுவுவது. பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் போய்விடும்.

விளம்பர இடைவேளையில் தணிகைவேல் எட்டிப்பார்த்தான். சங்கதியைக் கேட்டான்.

"அட, என் பேருதானே இருக்கு. யாரு பாக்கப் போறா, விடு எழில்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த வேர்க்கடலையில் பாதியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நல்ல மனிதன். அதுதான் கஷ்டம். நினைத்த நேரத்தில் சண்டை போடவும் முடியாது.

யார் பார்க்கப்போகிறார்கள்.

அவள் பார்க்கிறாளே.

பிரதிகளையெல்லாம் வேறொரு பென் டிரைவில் பத்திரப்படுத்தினாள். பழையபடி ஆரம்பித்தாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. பழுப்பு நிறம், கீழே இறக்கிய பட்டை, பிரிண்டரோடு மல்லுக்கட்டியது எல்லாம் ஒருமுறை வந்துபோயின.

சம்மதம்.

கடலையைக் கொறித்துக்கொண்டு காத்திருந்தாள்.

உங்கள் பெயர் என்ன?

விரல்களைக் கொஞ்ச நேரம் மேசைமேல் அடக்கி வைத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

எழிலரசி.

நன்றாக இருந்தது. இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த பெட்டி. உங்கள் கணினியின் பெயர் என்ன?

போன தடவை அது தானாகப் போட்டுக்கொண்ட ஏதோ ஒன்றை அப்படியே விட்டிருந்தாள். கணினிக்கெல்லாம் எதற்குப் பெயர் என்று அப்போது தோன்றியது.

கூடத்தில் யாரோ சிக்ஸர் அடித்தார்கள். தணிகைவேல் சோபாவிலிருந்து எகிறிக் குதித்தான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெட்டியையும் நிரப்பினாள்.

மாலை டீக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பட்டை மறுபடி மேலே போயிருந்தது. நிறம் மறுபடி கண்ணை உறுத்தியது. பரவாயில்லை. எல்லாம் கை அறிந்த வேலைதான், இந்தத் தடவை பாதி நேரம்கூட ஆகாது.

கறுப்புச் சன்னலைத் திறந்தாள்.

வரியின் தலையில் எழிலரசி. பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுழி. சுழிக்குப் பின்னால், கணினியின் பெயராக, தணிகைவேல்.

அவள் முதல் கட்டளையை அடித்தாள்.

மறுபேச்சு இல்லாமல் செய்தது.