உள்ளேயிருந்து திறக்காத கதவு

“எல்லாக் கோளாறையும் சரி பண்றார், நான் உட்கார்ற பக்கத்துக் கதவை மட்டும் பண்ண மாட்டேங்கிறார்!” என்று அம்மா புலம்பினாள்.

வாரம் ஒரு வியாதி கண்டுகொண்டிருந்த அந்தப் பழைய இரண்டு கதவுச் சொகுசுக் காரின் அடியிலிருந்து அப்பா தலையை நீட்டினார். “அதுக்கான பார்ட் எங்கேயும் கிடைக்கலைடி.”

அம்மா பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. எங்கே போனாலும் அப்பாதான் இறங்கி, காரைச் சுற்றி ஓடிவந்து திறந்துவிட வேண்டும்.

விடுமுறைக்கு வந்திருந்த மகளுக்குப் பாவமாக இருந்தது. அப்பா குளிக்கப் போன நேரத்தில், கதவின் உள்பலகையைக் கழற்றிப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை. கைப்பிடியின் கேபிளை யாரோ கொக்கியிலிருந்து விடுவித்து, ஆடாமல் ஓரமாகக் குத்தி வைத்திருந்தார்கள். குத்தியிருந்தது ஒரு கொண்டை ஊசி.

“அம்மா! இது உன் வேலையா?”

அம்மாவின் முகம் சிவந்துபோனது. “கத்தாதேடி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒருநாளாவது எனக்குக் கதவு திறந்துவிட்டிருக்காரா? அவருக்கு டார்ச் பிடிச்சுப் பிடிச்சே இதைக் கத்துக்கிட்டேன். சீக்கிரம் மூடு, அவருக்குத் தெரிய வேண்டாம்.”

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையை மாட்டினாள். அம்மா உள்ளே போனதும், ஈரத் தலையோடு அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

“ஊசி நல்லா இருக்கில்ல?” என்றார் மெல்லிய குரலில். “உங்கம்மா வச்சது துருப்பிடிச்சுப் போச்சு. போன மாசம் நான்தான் புதுசு மாத்தினேன்.”