இடது புருவத்தில் நீலப் புள்ளி

"செல்ஃபி எடுத்தா பக்கம் மாறி விழும்னு ஒனக்குத் தெரியாதா? ஒம் போனு கண்ணாடி மாதிரிதான்டி காட்டும்."

"கத்தாதண்ணே. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எந்தக் கண்ணுக்கு மேல புள்ளி வச்ச? அத சொல்லு மொதல்ல."

சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே அடுத்த நோயாளியின் கோப்பை எடுக்கக் குனிந்த தாதி ஸக்கியா, குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

அண்ணன் ரவிகுமார் பிலிமத்தலாவையில் போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறவன். இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கிறான். தங்கை சர்மிளா நீட்டிக்கொண்டிருந்த போனில் அவளும் அம்மா ரத்தினம்மாவும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிற, நேற்று எடுத்த படம். அம்மாவின் புருவத்தில் நீலப் புள்ளி.

அந்த ரத்தினம்மா உள்ளே மேசையில் படுத்திருக்கிறார். பத்து நிமிடம் ஆகிறது.

"என்ன புள்ள நடந்த?" என்றாள் ஸக்கியா.

சர்மிளாவுக்கு அழுகை வந்தது. "நேத்து தெல்தோட்டைக்குக் கண்ணு பாக்க வந்தப்ப நீங்க வச்சீங்களே மிஸ்ஸி, அந்தப் புள்ளி. காலையில அம்மா தலைக்கு ஊத்திட்டு கோயிலுக்குப் போச்சு. துன்னூறு பூசுனதுல அழிஞ்சிருச்சு. ஏசுவீங்கன்னு பயந்து, போட்டோவ பாத்து நானே பேனையால வச்சிட்டேன்."

"அம்மாகிட்டயாவது கேட்டியா நீ?" என்றான் ரவிகுமார்.

"அதுக்கு ரெண்டு கண்ணும் மங்கல்தானாம். டொக்டரய்யாவுக்குத் தெரியும், நீ வையின்னுச்சு."

ஸக்கியாவுக்குக் கோப்பைப் பார்க்கத் தேவையில்லை. வலது கண்ணில் புரை. இடது கண்ணுக்குக் கண்ணாடி போட்டாலே போதும். நேற்று அவளே எழுதியது.

இன்று காலை சொட்டு மருந்து விட்டதும் அவளேதான். புள்ளி எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் விட்டாள். கோப்பையும் புள்ளியையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்து வைக்க வேண்டும். பதினான்கு பேர் வரிசையில் இருந்ததால், பதினான்கு கோப்பிலும் ஒரே மூச்சில் கையெழுத்து வைத்துவிட்டாள்.

கதவைத் தட்டினால் நல்ல கண் தப்பலாம்.

ஆனால் அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை.

உள்ளே இருப்பவர் டொக்டர் தியாகராஜா. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து, கண்டியில் முப்பது வருடமாகக் கண் பார்க்கிறவர். தோட்டத்து வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் தொங்கும். அவர் போன் எடுத்தால் கொழும்பில் பெரிய இடங்களில் எழுந்து நின்று பேசுவார்கள். சத்திரசிகிச்சை செய்ய வேண்டிய கண்ணின் புருவத்தில் நீல மையால் புள்ளி வைக்கிற முறையே அவர் கொண்டுவந்ததுதான். அவர் கை கண்ணில் இருக்கும்போது கதவைத் திறந்த ஒரு தாதி, அடுத்த நாள் வேலையில் இல்லை.

ஸக்கியா தட்டவில்லை. நேராகத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

குளிர். பச்சைத் துணியின் நடுவே ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் வெளிச்சத்தில் விரிந்து கிடந்தது இடது கண்.

"சேர், வலது கண். இவங்களுக்கு வலது கண் சேர்."

டொக்டர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கையும் நிற்கவில்லை. பிறவி லென்ஸ் ஏற்கனவே வெளியே வந்துவிட்டது. வலது கண்ணுக்கு அளந்த புது லென்ஸ் இடது கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நுண்ணோக்கியில் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்திருக்கும். புரை இல்லாத லென்ஸ் தண்ணீர் மாதிரி இருக்கும். முப்பது வருடம் பார்த்தவருக்கு அது தெரியாமல் போகாது.

துணிக்கு அடியில் ரத்தினம்மா விழித்துத்தான் இருந்தார். மரத்துப் போயிருந்தது கண் மட்டும்தான்.

"என்னங்கய்யா, ஏதும் கோளாறுங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. அசையாம படுங்க. நல்லா வந்திருக்கு."

அதே குரலில், அதே சாந்தத்தோடு, அவர் ஸக்கியாவிடம் இங்கிலீஷில் பேசினார். ரத்தினம்மாவுக்கு விளங்காத பாஷை. கோப்பில் எழுதச் சொன்னார். இந்தக் கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது என்று.

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

ஸக்கியா கோப்பை எடுத்துச் சுவரோடு வைத்து எழுதினாள். இந்தக் கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. ஆகவே இதற்கு முதலில் சத்திரசிகிச்சை செய்யத் தீர்மானிக்கப்பட்டது.

எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது. இரண்டாவது வசனத்தை அவர் சொல்லவே இல்லை. அது அவள் கைக்குப் பழக்கமாக இருந்தது.

இதற்கு முன் மூன்று கோப்புகளில் அவர் சொல்லச் சொல்ல அதை எழுதியிருக்கிறாள். கம்பளை ஆள் ஒருவர், கலஹாவிலிருந்து ஒரு அம்மா, இன்னொரு பெயர் உடனே ஞாபகம் வரவில்லை. மூன்று முறையும் உண்மை என்று நம்பித்தான் எழுதினாள்.

கோப்போடு வெளியே வந்தாள். ரவிகுமார் கதிரையிலிருந்து எழுந்து கிட்ட வந்தான். சத்தமே இல்லாமல் கேட்டான்.

"எந்தக் கண்ணு மிஸ்ஸி?"

கோப்பின் அடியில் இருப்பது அவள் கையெழுத்து. டொக்டருடையது இல்லை.

அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வாசித்தவர்கள் கீழே பதில் எழுதுங்கள். உங்களில் தாதிமார் இருந்தால், தயவுசெய்து நீங்கள் முதலில் எழுதுங்கள்.