வெளுக்காத கோட்டு

அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது.

திரையில் எண்: இருபது.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு இருநூறுல வைம்மா. விருந்தாளி போனதும் மாத்திக்க." இயக்குநர் காதருகே சொன்னார்.

அவள் உருவாக்கிய பெட்டி, அறையின் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளே ஓர் ஊதா ஒளி. கொல்லும் கிருமி வந்தால் அந்த ஒளியில் மின்னும். இருபது மின்னினால் சிவப்பு விளக்கு.

இருநூறுக்கு வைத்தால், விளக்கு எரிவதற்குள் எல்லோரும் கிருமியை மூச்சில் இழுத்து முடித்திருப்பார்கள்.

சலவைத்தூள் துணியில் விட்டுச்செல்லும் வெளுப்பும் அந்த ஒளியில் அப்படியே மின்னும். வெள்ளைத் துணியிலிருந்து பறக்கும் தூசி போதும். அதனால் ஆறு வருடமாகத் தன் கோட்டை வெறும் தண்ணீரில்தான் அலசுகிறாள்.

காலையில் அதற்கும் இயக்குநரிடம் திட்டு. "டீ வடிகட்டுற துணி மாதிரி இருக்கு. விருந்தாளி முன்னாடி இதையா போடுவே?"

கிருமியையும் வெளுப்பையும் பெட்டி பிரித்தறிய இன்னும் ஒரு வருடம் வேண்டும். அந்த ஒரு வருடத்துக்கான பணத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் உள்ளே வந்தார்.

பளீரென்ற வெள்ளைச் சட்டை.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

அவர் பெட்டியின்மேல் குனிந்தார்.

சிவப்பு.

கூட வந்தவர்கள் கதவுவரை பின்வாங்கினார்கள். ஒருவர் கைக்குட்டையால் மூக்கை மூடினார்.

"என்னம்மா, எங்கிட்டயா கிருமி?"

"மெஷின் கோளாறு சார்." இயக்குநர் முந்திக்கொண்டார்.

"கோளாறு இல்ல சார்," என்றாள் அவள். "உங்க சட்டை."



அவர் விலகி நின்றார். சிறிது நேரத்தில் விளக்கு அணைந்தது.

  காரணம் சட்டை இல்லையென்றால்? வேறேதாவது என்றால்? ஆறு வருடமும் இந்த அறையிலேயே முடிந்துவிடும்.

கோட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"இதை மேல போட்டுக்கிட்டு இன்னொரு தடவை வாங்க."

இயக்குநரின் கண் அவளுக்கும் பொத்தானுக்கும் இடையே போய்வந்தது. இப்போதாவது மாற்று என்பதுபோல.

விருந்தாளி கோட்டைப் பார்த்தார். அதன் பழுப்பை. கிழிந்து தைத்த பையை. பிறகு தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கோட்டுக்குள் நுழைத்தார்.

கோட்டு அவருக்குச் சிறியது. அதன் பொத்தானைப் போடத் திணறினார்.

அவள் உதவவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள், பெட்டியைத் தொடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி.

திரையில் இன்னும் இருபதுதான்.

அவர் குனிந்தார்.