குடிமாறிக் களைத்த தவளை

ஒரு கணினிக்குள் ஒரு தவளையும் ஒரு முதலையும் இருந்தன. ஓய்வு நேரத்தில் வீடியோ கேம் செய்து பார்க்கிற செந்தூரன் வரைந்த பிராணிகள் அவை. தவளை குட்டையைத் தாண்ட வேண்டும். தவறினால் முதலை விழுங்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆட்டம் ஒருமுறைகூட நடந்ததில்லை. தவளை பைத்தான் என்ற நிரல்மொழியில் குதிக்கப் பழகியதும் செந்தூரன் ஆட்டத்தை லுவா என்ற மொழிக்கு மாற்றினான். அங்கே கால் ஊன்றியதும் ஜாவாஸ்கிரிப்ட். போன இடமெல்லாம் தரைக்குள் விழுந்து விழுந்து, முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

இன்று ஒருவழியாகத் தரை தவளையைத் தாங்கி நின்றது. செந்தூரனோ திரையின் பக்கத்து ஜன்னலில் "எந்த மொழி சிறந்தது?" என்ற இணைய விவாதத்தில் மூழ்கியிருந்தான்.

"மூட்டையைக் கட்டு, தம்பி. அடுத்த மொழி ரஸ்ட்டாம்," என்றது முதலை.

"அங்கே வாய் கிழியப் பேசுகிறவர்களில் ஒருத்தனாவது ஒரு தவளையைக் கரை சேர்த்திருக்கிறானா?" என்றது தவளை. "அது கிடக்கட்டும். உன் வாய் மூடுமா, அண்ணே?"

"அதற்கான நிரலை நேற்றுத்தான் எழுதினான். சோதித்துப் பார்க்கவில்லை."

செந்தூரன் போகிற போக்கில் ஒரு பொத்தானைத் தட்டினான். தவளையால் தாண்டியிருக்க முடியும். ஆனால் எதிர்க்கரையில் அவன் இன்னும் எதையும் எழுதவில்லை; அங்கே போனால் சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால் அது காலைச் சுருக்கிக்கொண்டு நேராக முதலையின் வாய்க்குள் குதித்தது.

வாய் மூடியது. "ஆட்டம் முடிந்தது" என்று திரையில் பெரிதாக வந்தது. செந்தூரன் வாய்விட்டுச் சிரித்தான். விவாதத்தை மூடிவிட்டு, மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினான்.

"வலித்ததா?" என்றது முதலை.

"குடிமாறுவதைவிடத் தேவலை," என்று தவளை காலை மடக்கிக்கொண்டது.